யாரை நம்புகிறது எல்லை வாசல்?

மனிதனை மனிதன் நம்புவதற்கு விலை உண்டா? உண்டென்றால் அவ்விலையைச் செலுத்தக்கூடியவர் யார்? இக்கேள்வி தத்துவ நூல்களின் ஏடுகளுக்குள் மட்டும் உறங்கும் கேள்வியன்று. நாடுகளின் எல்லை வாசல்களில் இது நாள்தோறும் எழுப்பப்படுகிறது. நாள்தோறும் விடையும் அளிக்கப்படுகிறது. அங்கே இரண்டு வரிசைகள் உள்ளன. ஒன்று நீண்டது, அதில் நிற்பவர்கள் எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக வருகிறீர்கள், எப்பொழுது திரும்புவீர்கள் என்ற கேள்விகளுக்கு மனத்துக்குள் விடைகளை ஒப்புவித்தபடி நிற்கிறார்கள். மற்றது குறுகியது, அதில் வருபவர் ஓர் அட்டையைக் காட்டுகிறார், வழி விடப்படுகிறது. அவ்வட்டையிலே அவருடைய பெயரும் புகைப்படமும் உள்ளன. அவற்றோடு 'இவர் நம்பத்தக்கவர்' என்ற ஓர் அரசின் தீர்ப்பும் அதில் அடங்கியுள்ளது. அத்தீர்ப்பு எந்த அறத்தின்மேல் நிற்கிறது என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

முதலில் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஆசிய பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு என்ற அமைப்பு 1989ஆம் ஆண்டிலே தோன்றியது. 'ஏபெக்' என்று சுருக்கமாக வழங்கப்படும் இவ்வமைப்பில் இன்று 21 உறுப்புகள் உள்ளன. 1997ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியா, தென் கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய மூன்றும் வணிகர்களுக்கென ஒரு பயண அட்டையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கின. பின்னர் ஏனைய உறுப்புகளும் ஒவ்வொன்றாக இணைந்தன. முழுமையாக இணைந்த நாடுகளிடையே இவ்வட்டையை வைத்திருப்பவர் குறுகிய காலப் பயணத்துக்குத் தனி விசா பெறவேண்டியதில்லை. விமான நிலையத்தில் அவருக்கு விரைவு வழியும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் இதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டு, 2011 நவம்பர் 12 அன்று ஜனாதிபதி ஒபாமாவினால் கையொப்பமிடப்பட்டது. குறித்த காலத்துக்கென வகுக்கப்பட்ட அந்த ஏற்பாடு 2017 நவம்பரில் இன்னொரு சட்டத்தினால் நிரந்தரமாக்கப்பட்டது. அமெரிக்க அட்டை தருவது விரைவு வழியை மட்டுமே. விசா விலக்கை அன்று.

இவ்வட்டை யாருக்கு? 'உண்மையான வணிகர்' என்பது விதியின் சொல். அச்சொல்லுக்கு வகுக்கப்பட்ட வரைவிலக்கணத்தில், யார் அதற்குள் அடங்கமாட்டார்கள் என்று கூறும் பகுதியையே நாம் ஊன்றிப் படிக்கவேண்டும். கூலிக்கு வேலை தேடிச் செல்பவர் அடங்கமாட்டார். செய்தியாளர் அடங்கமாட்டார். தொழில்முறை விளையாட்டு வீரர், இசைவாணர், கலைஞர் ஆகியோரும் அடங்கமாட்டார்கள். சரக்கையும் மூலதனத்தையும் கொண்டு செல்பவனுக்கு வாசல் விரைந்து திறக்கிறது. பாட்டைக் கொண்டு செல்பவனும், உண்மைச் செய்தியைத் தேடிச் செல்பவனும், இரு கைகளை மட்டும் கொண்டு செல்பவனும் நீண்ட வரிசையில் நிற்கிறார்கள். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்துறையிலே பண்டப் பொதிகளின்மேல் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டது. அன்று பொதிகளுக்கு இடப்பட்ட முத்திரை, இன்று மனிதரையும் தரம் பிரிக்கத் தொடங்கியிருக்கிறது.

இலங்கை ஏபெக் அமைப்பின் உறுப்பன்று. வன்னியிலே வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கலாம். ஆனால் இந்த ஏற்பாட்டின் உடன்பிறப்புகள் நம் வீட்டு முற்றத்திலேயே நிற்கின்றன. சார்க் நாடுகளிடையே 1992ஆம் ஆண்டு முதல் ஒரு விசா விலக்குத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் 24 வகையினர் குறிக்கப்பட்டனர்: உயர் நீதிமன்றங்களின் நீதிபதிகள், பாராளுமன்ற உறுப்பினர்கள், உயர் அதிகாரிகள், வணிகர்கள், செய்தியாளர்கள், விளையாட்டு வீரர்கள் என்று அப்பட்டியல் நீள்கிறது. ஏபெக் அட்டையைவிட இது சற்றுப் பெருந்தன்மை உடையதே. எனினும் கூலியாளை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பட்டியல் அதுவும் அன்று. மேலும் 2022ஆம் ஆண்டிலே, நாடு கடனைக் கட்ட வழியின்றித் தத்தளித்த அதே ஏப்ரல் மாதத்தில், ஒரு 'தங்க' விசாவுக்கு அமைச்சரவை அனுமதி வழங்கியது: ஓர் இலட்சம் அமெரிக்க டொலரை வைப்பிலிடும் அந்நியர் 10 ஆண்டுகள் இங்கே தங்கியிருக்கலாம், தொழிலும் செய்யலாம். நம் சொந்த மக்களுக்கும் விரைவுக்கு விலை உண்டு. 2024ஆம் ஆண்டிலே சாதாரண முறையில் கடவுச்சீட்டுப் பெறுவதற்கு 10,000 ரூபாவும், அதே கடவுச்சீட்டை ஒரே நாளில் பெறுவதற்கு 20,000 ரூபாவும் அறவிடப்பட்டன. காகிதம் ஒன்று, பெயர் ஒன்று, நாடும் ஒன்று. விலை கூடியது காத்திருக்காமைக்கே.

இத்தகைய ஏற்பாடுகளை ஆதரிப்போர் கூறும் நியாயங்களை நாம் திரித்துக் கூறலாகாது. அவர்கள் மூன்று நியாயங்களைச் சொல்கிறார்கள். முதலாவது, வணிகரின் பயணம் நாட்டுக்குப் பயன் தருகிறது. தொழிற்சாலை வருகிறது, வேலை வருகிறது, அந்நியச் செலாவணி வருகிறது. இரண்டாவது, இவ்வட்டை கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கப்படுவதில்லை. விண்ணப்பித்தவரின் பின்னணியை அரசுகள் முன்கூட்டியே ஆராய்ந்து, குற்றமற்றவர் என்று கண்ட பின்னரே வழங்குகின்றன. மூன்றாவது, ஆராயப்பட்டவரை மீண்டும் மீண்டும் நிறுத்தி வைப்பதால் எவருக்கும் இலாபமில்லை. அவர் விரைந்து சென்றால் மற்றவருடைய வரிசையும் குறையும். இவை பொய்யான நியாயங்கள் அல்ல. அறிவோடு சிந்திக்கும் எவரும் இவற்றை எள்ளி நகையாட முடியாது. ஆனால் ஒரு நியாயம் உண்மையான நியாயம் என்றால், அது பொருந்தும் இடமெல்லாம் செல்லுபடியாக வேண்டும். ஓரிடத்தில் செல்லுபடியாகி இன்னோரிடத்தில் செல்லாமற்போகுமானால், அது நியாயம் என்ற பெயரைச் சூடிய சலுகை.

பயன் என்ற நியாயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இலங்கைக்கு அந்நியச் செலாவணி கொண்டு வருபவர் யார்? 2024ஆம் ஆண்டிலே வெளிநாடுகளில் உழைக்கும் இலங்கையர் இந்நாட்டுக்கு அனுப்பிய தொகை 650 கோடி டொலருக்கும் மேற்பட்டது. அத்தொகையில் பெரும்பங்கு பாலைவன நகரங்களின் கட்டடச் சாரங்களின் மேலும், பிறர் வீட்டுச் சமையலறைகளிலும் சிந்திய வியர்வை. பயனே அளவுகோல் என்றால், விரைவு வழியின் முதல் உரிமையாளர் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற முல்லைத்தீவுத் தாயாக அல்லவா இருக்கவேண்டும்? ஆனால் வளைகுடா நாடுகள் பலவற்றிலே அவள் 'கஃபாலா' என்ற பொறுப்பாளர் முறையினால் ஒரு தொழில்தருநருடன் பிணைக்கப்படுகிறாள். சட்டம் தடை செய்தும் அவளுடைய கடவுச்சீட்டை எசமானர் பறித்து வைத்துக்கொள்வது இன்றும் நிகழ்கிறது. வணிகனுக்கு அட்டை கூடுதலாக ஒரு திறவுகோல். அவளுக்கோ இருந்த திறவுகோலும் பிறர் பெட்டிக்குள்.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையோடு குறிப்பிடவேண்டும். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளிநாடு செல்லும் தொழிலாளருக்கென 'ஹோப் கேட்' என்ற பெயரில் தனி நுழைவாயில் திறக்கப்பட்டது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அவ்வாயில் திறந்த காலத்தையும் கவனிப்போம். டொலருக்காக நாடே ஏங்கிய ஆண்டிலேதான் தொழிலாளியின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்பது நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் அதற்கு முந்திய ஆண்டுகளில் அவர்களைக் காக்க வைத்தது இயற்கையின் விதியன்று. திறக்கக்கூடிய வாயிலைத் திறவாதிருந்ததே.

இனி இரண்டாவது நியாயம்: முன்கூட்டியே ஆராயப்பட்டவர் நம்பப்படலாம் என்பது. இதனை எடைபோடும் தகுதி வன்னி மக்களுக்கு இருப்பதுபோல் வேறு பலருக்கு இருக்க முடியாது. உலகில் நம்மைப்போல் ஆராயப்பட்ட மக்கள் எத்தனை பேர்? 2002 பெப்ரவரியில் போர் நிறுத்த உடன்பாடு கையொப்பமாகி ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபொழுது, மாணவராக இருந்த நாம் ஓமந்தையில் இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, வெயிலில் நின்று கடந்தோம். தொண்டு நிறுவனங்களின் வெண்ணிற வாகனங்கள் நம்மைத் தாண்டிச் சென்றதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுபுறத்தையும் மறைக்கலாகாது: புலிகளின் நிர்வாகத்தின் கீழிருந்த பகுதியை விட்டு வெளியேறுவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது; போகிறவர் திரும்பி வருவார் என்று பிணை நிற்க ஆள் வேண்டியிருந்தது. ஒரே வீதியில் இரண்டு அதிகாரங்களும் மக்களை நோக்கிக் கேட்ட கேள்வி ஒன்றே: 'உன்னை எப்படி நம்புவது?' 2006 ஓகஸ்டில் அவ்வீதி மூடப்பட்டது. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபொழுது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இருந்தது செட்டிகுளத்து மெனிக் பாமில். பெயர் பதிந்தார்கள், படம் பிடித்தார்கள், விசாரித்தார்கள், மீண்டும் விசாரித்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் முதலாம் திகதி வரை முள்வேலிக்கு வெளியே சென்று வரும் உரிமை அம்மக்களுக்கு இருக்கவில்லை. முகாம் மூடப்பட்டது 2012 செப்டம்பரில்.

ஆராய்ந்தால் நம்பிக்கை பிறக்கும் என்பது விதியென்றால், இம்மக்கள் எத்தனை அட்டைகளுக்கு உரியவர்கள்! ஆனால் அவர்கள் ஆராயப்பட்டது நம்பப்படுவதற்காக அன்று; மறுபடியும் ஆராயப்படுவதற்காகவே. வணிகனை ஒரு முறை ஆராய்ந்து ஐந்து ஆண்டுகள் நம்புகிறார்கள். ஏழையை ஐந்து ஆண்டுகள் ஆராய்ந்தும் ஒரு நாள் நம்புவதில்லை. இரண்டு வரிசைகளுக்கும் உள்ள மெய்யான வேறுபாடு இதுவே.

இது நேற்று முளைத்த வேறுபாடும் அன்று. கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். நோயிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தோர் பலர். தோட்டத்தை அடைந்த பின் அவர்களைக் கட்டிப்போட்டது 'துண்டு'. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமானால், பட்ட கடன் இவ்வளவு, அது தீர்ந்தால் இவனை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய அத்துண்டு கையில் இருக்கவேண்டும். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டமே அதனை ஒழித்தது. 1977, 1983 வன்செயல்களின்பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நமது வகுப்புகளில் இருக்கிறார்கள். அப்பிள்ளைகளின் முப்பாட்டனார் ஏந்தியதும் ஒரு பயண அட்டைதான். வணிகனின் அட்டை 'இவனை மறிக்காதே' என்றது. தொழிலாளியின் துண்டு 'இவன் இன்னாருக்குக் கடன்பட்டவன்' என்றது.

மூன்றாவது நியாயத்துக்கு வருவோம். ஒருவர் விரைந்து சென்றால் மற்றவருக்கு நட்டம் என்ன? இதற்கு விடை கூற நாம் நம்மையே சாட்சிக் கூண்டில் ஏற்றவேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு கடவுச்சீட்டுக்காக ஓர் அலுவலகத்தின் வாசலில் நின்றோம். விடியுமுன்னரே வந்து பாய் விரித்துப் படுத்திருந்தவர்கள் முன்னே இருந்தார்கள். நமக்கு முன்னால் நின்றவள் கரையோரக் கிராமத்துத் தாய் ஒருத்தி. குவைத்துக்கு வேலைக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணியளவில் உள்ளேயிருந்து வந்த ஒருவர், முன்பு நம்மிடம் படித்தவர், நம்மைக் கண்டுகொண்டார். "சேர், நீங்கள் ஏன் வெயிலுக்கை நிக்கிறியள்? இஞ்சாலை வாங்கோ" என்றார். நாம் போனோம். ஒரு கணம் தயங்கினோம் என்று எழுத ஆசையாக இருக்கிறது, அவ்வளவாகத் தயங்கவில்லை. பின்னால் யாரோ முணுமுணுத்தபொழுது அத்தாய் சொன்னது காதில் விழுந்தது: "படிப்பிக்கிற ஆக்கள். அவையளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். போகட்டும்."

அன்று பாடசாலை விடுமுறை.

திட்டியிருந்தால் மறந்திருப்போம். நமக்கு இல்லாத ஒரு நியாயத்தை அவளே கண்டுபிடித்துக் கொடுத்தாள். விரைவு வழி விளைக்கும் நட்டம் எது என்று அப்பொழுது விளங்கிற்று. அவள் இழந்தது அரை மணி நேரம் மட்டுமன்று. தன் நேரம் மற்றவர் நேரத்தினும் மலிவானது என்ற எண்ணத்தை அவள் ஏற்றுக்கொண்டிருந்தாள். அதனை ஏற்க நாமும் உதவினோம். சமமற்ற வரிசைகள் கால்களை மட்டும் நோகச் செய்வதில்லை. நிற்பவன் நிற்கப் பிறந்தவன் என்றும், போகிறவன் போகப் பிறந்தவன் என்றும் இருவரையும் நம்ப வைக்கின்றன. சாதி என்பதும் நெடுங்காலம் இவ்வாறுதானே நின்றது? கோயில் வாசலில் யார் உள்ளே, யார் வெளியே என்று வகுத்த கை, காரணத்தைக் கேட்டவனுக்கு வழக்கம் என்றது. எல்லை வாசலிலே இன்று சொல்லப்படும் காரணம் பொருளாதாரம். வாசலும் மாறியது, காரணமும் மாறியது. வெளியே நிற்பவன் முகம் மாறவில்லை.

ஆகவே அறத்தின் கேள்வியை நேராகக் கேட்போம். நம்பிக்கை என்பது அரசு வழங்கும் பரிசா, மனிதனுக்கு உரிய தொடக்கமா? நீதிமன்றத்திலே குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவன் நிரபராதி என்கிறோம். எல்லை வாசலிலே இந்நெறி தலைகீழாகிறது: நிரபராதி என்று நிரூபிக்கும் வரை அவன் சந்தேகத்துக்கு உரியவன். வணிகனின் அட்டை இத்தலைகீழ் நிலையிலிருந்து அவனை மட்டும் விடுவிக்கிறது. 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 13ஆம் உறுப்புரை, எவரும் எந்த நாட்டையும் விட்டுச் செல்லவும் தம் நாட்டுக்குத் திரும்பவும் உரிமையுடையவர் என்கிறது. அதற்கு 25 நாட்களுக்கு முன்னரே, நவம்பர் 15 அன்று, இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. குடிவரவு குடியகல்வுச் சட்டமும் அவ்வாண்டினதே. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கம். உலகம் வாசலைத் திறப்பதாக அறிவித்த ஆண்டிலேயே நம் நாட்டில் தாழ்ப்பாள்கள் செய்யப்பட்டன.

அத்தாழ்ப்பாள்கள் இன்றும் துருப்பிடிக்கவில்லை. போர்க்காலத்தில் படகேறித் தமிழ்நாட்டுக்குச் சென்று முகாமில் வாழ்ந்த முதியவர் ஒருவர், ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பின் உதவியோடு 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கினார். அன்று முறையான ஆவணமின்றி நாட்டை விட்டுச் சென்றார் என்பதற்காக, மேற்சொன்ன சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். கண்டனம் எழுந்த பின் இந்நடைமுறை மாற்றப்படும் என்று அரசு தரப்பில் கூறப்பட்டது. குண்டுக்குத் தப்பி ஓடுபவன் கடவுச்சீட்டு அலுவலக வரிசையில் நின்றுவிட்டா ஓடுவான்? ஓர் இலட்சம் டொலரோடு வரும் அந்நியனுக்குப் பத்தாண்டு வரவேற்பு. தன் மண்ணுக்குத் திரும்பும் முதியவனுக்குக் கைது. இரண்டையும் செய்தது ஒரே நாட்டின் சட்டம்.

இதற்கு நாம் கூறும் மாற்று என்ன? வணிகனின் அட்டையைக் கிழித்தெறிவோம் என்று நாம் சொல்லவில்லை. எல்லோரையும் ஒரே நீண்ட வரிசையில் நிறுத்துவது சமத்துவமாகாது. அது துன்பத்தைப் பங்கிடுவதே. அவ்வட்டை நமக்கு ஓர் அரிய உண்மையைக் கற்பித்திருக்கிறது என்றே சொல்வோம். காத்திருப்பும் சந்தேகமும் எல்லைகளோடு கூடவே பிறந்த விதிகள் என்று இதுவரை நம்மை நம்ப வைத்தார்கள். ஒரு சட்டம் எழுதி, ஒரு கையொப்பம் இட்டு அவற்றை நீக்கலாம் என்று வல்லரசே காட்டிவிட்டது. வணிகனுக்கு நீக்கக்கூடியதைத் தொழிலாளிக்கு ஏன் நீக்க முடியாது? ஒரு முறை ஆராய்ந்து பின் நம்பு என்ற நெறி ஒருவனுக்குப் பொருந்துமென்றால் பணிப்பெண்ணுக்கும் பொருந்தட்டும். கட்டடத் தொழிலாளிக்கும் பொருந்தட்டும். செய்தியாளனுக்கும் கலைஞனுக்கும் பொருந்தட்டும். திரும்பி வரும் அகதிக்கு ஆராய்ச்சியே வேண்டியதில்லை. அவன் வருவது தன் வீட்டுக்கு.

இக்கோரிக்கையைப் பாராளுமன்றங்களுக்கு மட்டும் அனுப்பிவிட்டு நாம் ஓய்ந்துவிடலாகாது. ஆசிரியரும் மாணவரும் நாள்தோறும் சிறு வாசல்களில் நிற்கிறோம். எந்தப் பிள்ளையின் சொல்லை விசாரணையின்றி நம்புகிறோம், எந்தப் பிள்ளையிடம் மட்டும் 'பெற்றோரை அழைத்து வா' என்கிறோம் என்பதை எண்ணிப் பார்ப்போம். சிற்றூர்ப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் நம் பார்வையிலேயே இரண்டு வரிசைகள் இருக்குமானால், எல்லை வாசலின் அநீதியைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி? முன்னே அழைக்கப்படும்பொழுது, பின்னே நிற்பவரையும் சேர்த்து அழை என்று சொல்லும் துணிவை நாம் பழகவேண்டும். அன்று அவ்வாசலில் நாம் அதைச் சொல்லவில்லை. அந்தத் தாயோ நம்மிடம் எந்த அட்டையும் கேட்கவில்லை, நம் பின்னணியை ஆராயவில்லை. ஆசிரியர் என்ற ஒரு சொல்லை நம்பி வழி விட்டாள். அரசுகள் அவளுக்கு மறுத்ததை அவள் நமக்குத் தந்தாள். அந்தக் கடன் இன்னும் தீர்க்கப்படாமல் இருக்கிறது.